பெண் குட்டின்னா தெருவுக்கா? குறைந்த செலவில் கருத்தடை கேட்போம்!

(தகவல் தொழில்நுட்பப் பிரிவின் இளைஞர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

எதிர்க்கட்சிக்குப் பதிலடி கொடுப்பான்னு எதிர்பார்த்திருப்பீங்க. இன்னைக்கு நாய், பூனை பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. ஓட்டு கேட்டு வீடு வீடா போனப்போ ரோடு, தண்ணி, சாக்கடைக்கு அடுத்து மக்கள் சொன்னது என்ன? "தம்பி, நைட் ஷிப்ட் முடிச்சு வண்டியில வர முடியல, நாய் துரத்துது." இது மக்கள் பிரச்சினை. அப்போ அரசியல் பிரச்சினைதான்.

ஆனா நம்ம கமெண்ட்ல இது எப்படிப் போகுது? ஒரு பக்கம், "எல்லாத்தையும் பிடிச்சுக் கொல்லு." இன்னொரு பக்கம், "நாய் ஒண்ணும் பண்ணாது, மனுஷன்தான் மோசம்." கடிபட்ட குழந்தையோட அம்மாகிட்ட போய் இந்த ரெண்டாவது வசனத்தைச் சொல்ல முடியுமா? முடியாது. சரி, முதல் வசனமாவது பலன் தருமா? அதை நம்ம சென்னை ஏற்கெனவே செஞ்சு பார்த்தாச்சு.

பல பத்தாண்டுகள் சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றது. நாய் தீரவில்லை. ஏன்? குப்பையும் மிச்சச் சாப்பாடும் இருக்கிற வரைக்கும், காலியான தெருவுக்குப் பக்கத்துத் தெரு நாய் வரும். தப்பித்தது குட்டி போடும். 1959-ல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு, 1964-லேயே "கொல்லாதீங்க, கருத்தடை பண்ணுங்க" என்ற வழியைச் சென்னையில் ஆரம்பித்தது. மாநகராட்சி அந்தப் பாதைக்கு வந்தது 1996-ல். மத்திய அரசு அதையே நாடு முழுவதற்கும் விதியாகக் கொண்டுவந்தது 2001-ல். அந்த விதிகளுக்குப் பதிலாக 2023-ல் புதிய விதிகள் வந்தன. இந்தியாவுக்கே வழிகாட்டியது நம்ம ஊர், தோழர்களே!

அப்புறம் ஏன் இன்னும் இத்தனை நாய்? சென்னை கணக்கெடுப்பில் 2018-ல் சுமார் 57 ஆயிரம். 2024-ல் சுமார் 1.8 லட்சம். வழி தப்பில்லை. அளவு பத்தவில்லை.

இன்ஜினியரிங் படிச்ச பழக்கத்துல ஒரு சின்னக் கணக்கு போடுறேன். ஒரு தெருவில் 10 பெண் நாய். 3-க்கு மட்டும் ஆபரேஷன் ஆச்சு. மீதி 7. நாய்க்குக் கர்ப்பகாலம் 63 நாள்தான். ஆளுக்கு 5 குட்டின்னு வச்சாலும் ஒரே சீசனில் 35. பாதிக்கு மேல் வண்டியில் அடிபட்டும் நோயிலும் செத்துப்போனாலும், 10 பெண் நாய் இருந்த தெருவுக்குப் புதுசா பத்துப் பதினைஞ்சு. அந்த 3 ஆபரேஷனுக்குப் போட்ட பணம் கண்ணுக்கே தெரியாமப் போயிடும். அதனால்தான் ஒரு பகுதியை எடுத்தால் பத்துக்கு ஏழாவது, அதுவும் கொஞ்ச நாளைக்குள்ள முடிக்கணும். இங்க நாலு, அங்க அஞ்சுன்னு பிடிச்சா போட்டோ எடுக்கலாம், எண்ணிக்கை குறையாது.

இப்போ யாரும் பேசாத விஷயத்துக்கு வர்றேன். தெருவில் இருக்கிற எல்லா நாயும் தெருவில் பிறந்தது இல்லை. வீட்டு நாய் குட்டி போடும். "ஆண் குட்டி இருந்தா குடுங்க"ன்னு சொந்தக்காரங்க வாங்கிட்டுப் போவாங்க. பெண் குட்டிகளை? சாக்குப்பையில் கட்டி மார்க்கெட் பின்னாடி, ஏரிக்கரை ஓரம், குப்பைமேடு பக்கம் விட்டுட்டு வர்றாங்க. பெண் சிசுவுக்காகத் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் இது. அந்தப் புத்தி இன்னும் நாய்க்குட்டி வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருக்கு. தூக்கிப் போட்ட அந்தக் குட்டிகளில் பிழைச்சது ஒரு வருஷத்தில் தாயாகும். குட்டியைக் காப்பாத்த, கிட்ட வர்றவங்களைக் கடிக்கும். கடைசியில் பழி நாய்க்கு.

தூக்கிப் போடுறவங்க எல்லாரும் கல்மனசுக்காரங்க இல்லை. தனியார் கிளினிக்கில் பெண் நாய்க்குக் கருத்தடைன்னா மயக்க மருந்து, வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன், மருந்து, தையல்னு பல ஆயிரம் ஆகும். தினக்கூலி வாங்குற அக்கா எங்கே போவாங்க? பூனை நிலைமை இன்னும் மோசம். நாலஞ்சு மாசத்திலேயே சினைக்குத் தயாராகிடும், அதுக்கு முகாமும் அபூர்வம். இத்தனைக்கும் கருத்தடை செய்தால் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வராது, மடிக்கட்டி வரும் வாய்ப்பும் குறையும். காசு இருக்கிறவங்களுக்கு மட்டும் கிடைச்சா அது தீர்வே இல்லை. சமூக நீதி பேசுற நாம இதையும் பேசணும்.

சட்டமும் தெளிவா இருக்கு. தெருநாய்க் கருத்தடை உள்ளாட்சியின் பொறுப்புன்னு 2023 விதிகள் சொல்லுது. 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே இடத்தில் விடணும், ரேபீஸ் உள்ளதையும் ஆக்ரோஷமானதையும் விடக்கூடாதுன்னு சொன்னது. நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கும் நாய்களைக் காப்பகத்தில் வைக்கணும், திரும்ப அங்கேயே விடக்கூடாதுன்னு உத்தரவிட்டது. எதுவா இருந்தாலும் ஆபரேஷன் தியேட்டரும் டாக்டரும் இல்லாமல் நடக்காது.

நாம் கேட்பது மூன்று:

1. அரசு கால்நடை மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு நாள் நாய், பூனை கருத்தடைக்கு மட்டும். ரேஷன் கார்டு காட்டினால் சலுகைக் கட்டணம், இயலாதவர்களுக்கு இலவசம்.
2. வார்டு வார்டாக, பத்துக்கு ஏழு முடியும் வரை அடுத்த வார்டுக்குப் போகாத திட்டம்.
3. ஆபரேஷன் ஆன நாயைத் தையல் ஆறும்வரை வைத்துப் பார்க்க இடம்.

நீங்கள் செய்ய வேண்டியது மூன்று:

1. ஞாயிறு காலை ஆறு மணிக்கு உங்க தெருவைச் சுத்துங்க. காது நுனியில் வெட்டு இருந்தா ஆபரேஷன் ஆன நாய். வெட்டு உள்ளது எத்தனை, இல்லாதது எத்தனைன்னு எண்ணுங்க. அந்தத் தாளோட கவுன்சிலரைப் பாருங்க. கோபத்தோட போனா "பார்க்கலாம் தம்பி"ம்பாங்க. எண்ணிக்கையோட போனா பதில் சொல்லியே ஆகணும்.
2. கிராமமா? கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாங்க. நகரமா? பகுதி சபையில் கேளுங்க.
3. கடிபட்டால் மஞ்சள், சுண்ணாம்பு வேண்டாம். ஓடும் தண்ணியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போகச் சொல்லுங்க. ரேபீஸ் அறிகுறி வந்துட்டா காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாது. ஊசி அட்டவணைப்படி எல்லா ஊசியையும் போட்டு முடிக்கணும்.

நாயைப் பிடிக்குமா பிடிக்காதா என்பது உங்க விருப்பம். குழந்தை பயமில்லாமல் ஸ்கூலுக்கு நடக்கணும்னு நினைக்கிறவரும், குட்டி பசியில் சாகக்கூடாதுன்னு நினைக்கிறவரும் கேட்க வேண்டியது ஒரே கோரிக்கைதான். ரெண்டு பேரும் சேர்ந்தே கேட்போம்.

அடுத்த ஞாயிறு எண்ணிக்கையை வார்டு எண்ணோட கமெண்ட்ல போடுங்க. தொகுத்து மாவட்டப் பொறுப்பாளர்கள் கையில் கொடுக்கிறது எங்க வேலை.



#குறைந்தசெலவில்_கருத்தடை #பெண்குட்டியும்_உயிர்தான்