யார் காய வைத்த தண்ணீர்?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"ஜப்பானுக்குப் போய் வந்தீர்களே, அந்த வெந்நீர் ஊரைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டார். பேசுகிறேன். ஆனால் அதற்கு முன் உங்களைக் கன்னியாவுக்குக் கூட்டிப் போக வேண்டும்.

றொசல்லக் குளிரை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லயத்தில் குளிப்பதென்றால் பீலிதான். நான் இங்கே படித்த காலத்தில் அம்மா விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, ஈர விறகை ஊதி ஊதி எனக்கு வெந்நீர் வைப்பார். பிறகு பிரட்டுக்கு ஓடுவார். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரருக்கும் அம்மா வெந்நீர் வைத்திருக்கிறார். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு, மழையில் நனைந்து வரும் அவர் மட்டும் குளிப்பது பீலியின் பச்சைத் தண்ணீரில்.

அப்பா காலமான வருடம் ஆடி அமாவாசைக்குக் கன்னியா போனோம். றொசல்ல ஸ்டேஷனில் ரயிலேறிக் கண்டி. அங்கிருந்து பஸ்ஸில் தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலை. நகரிலிருந்து சுமார் 8 கிலோமீற்றரில் கன்னியா. ஏழு சிறிய சதுரக் கிணறுகள். ஆழம் அதிகமில்லை, அடி தெரியும். இறங்கிக் குளிக்கும் கிணறுகள் அல்ல. வாளியில் அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான சூடு. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்வதற்காக உண்டான ஊற்றுகள் என்பது ஐதீகம்.

அம்மா ஒரு வாளியைத் தலையில் ஊற்றினார். சற்று நேரம் அசையாமல் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தத் தண்ணிய யாரு புள்ள காய வச்சது?" என்றார்.

யாருமில்லை அம்மா, பூமிதான் என்றேன். நம் நாட்டில் எரிமலை கிடையாது. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பி மேலே வருகிறது. விறகு வேண்டாம், அடுப்பு வேண்டாம். அம்மா ஏழு கிணற்றிலும் மாறி மாறி ஊற்றிக்கொண்டார். ஈரச் சேலையோடு சிரித்தார். "ஒங்கப்பா இருக்கையிலயே வந்திருக்கலாம்" என்றார்.

அடுத்த வருடம் உங்களை மட்டும் கூட்டி வருகிறேன் என்று சொன்னேன். அடுத்த வருடம் மகளுக்குப் பரீட்சை. அதற்கடுத்த வருடம் எனக்கு வேலை மாற்றம். மறுபடி நான் கன்னியாவுக்குப் போனது அம்மாவின் பெயரைச் சொல்லித் தண்ணீர் விடுவதற்குத்தான்.

இனி ஜப்பான். மகள் ஒசாகாவில் முதியோர் பராமரிப்பு வேலையில் இருக்கிறாள். அவள் என்னைக் கினோசாகி என்ற ஊருக்குக் கூட்டிப் போனாள். ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். காலில் அடிபட்ட ஒரு நாரை அங்கே வெந்நீரில் நின்று குணமானதாக அவர்களுக்கும் ஓர் ஐதீகம். 1925 இல் நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்து, மறுபடி கட்டி எழுப்பப்பட்ட ஊர் அது. அங்கேயும் ஏழு! ஏழு பொதுக் குளிப்பு மண்டபங்கள். ஸ்டேஷன்தான் வாசல், தெரு நடைபாதை, விடுதிகள் அறைகள், இந்த மண்டபங்களே குளியலறை; ஊர் முழுவதும் ஒரே விடுதி என்பார்கள். ஒரு விடுதி தனக்கென்று உள்ளேயே வெந்நீர்க் குளியல் கட்டியதால் 1927 இல் தொடங்கிய வழக்கு, 1950 இல்தான் சமாதானமானது. அந்தத் தண்ணீர் எல்லோருக்கும் பொது என்பதில் ஊரார் அவ்வளவு உறுதி.

யூக்காட்டா என்னும் பருத்தி உடுப்பும் மரச் செருப்புமாக, ஆற்றோரத்து வில்லோ மரங்களின் கீழ் 'டக் டக்' என்று நடந்து போனோம். உள்ளே பெண்களுக்குத் தனி இடம். முதலில் சிறு முக்காலியில் உட்கார்ந்து உடம்பைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். பிறகு உடுப்பில்லாமல் தொட்டியில் இறங்க வேண்டும். பாவாடையை நெஞ்சுக்கு மேலே கட்டிப் பீலியில் குளித்து வளர்ந்த எனக்கு உயிரே போய்விட்டது! ஆனால் அங்கே யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நான் பார்த்தது ஒன்றைத்தான். கூன் விழுந்த ஒரு மூதாட்டி முக்காலியில் இருந்தார். தலை நரைத்த மகள் பின்னால் அமர்ந்து, அவர் முதுகைத் தேய்த்துக் கழுவி, கையைப் பிடித்து மெதுவாக வெந்நீரில் இறக்கினார். கிழவி கண்களை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். கன்னியாவில் என் அம்மா விட்ட அதே மூச்சு. நல்ல வேளை, அந்த ஆவியில் என் கண்ணீர் யாருக்கும் தெரியவில்லை.

சகோதரிகளே, இராவணனைப் போலவே நாமும் தாய் போன பிறகுதான் கன்னியாவைத் தேடுகிறோம். அந்தச் சடங்கை நான் குறை சொல்லவில்லை. அதற்கு முன்பும் ஒருமுறை போங்கள் என்கிறேன். பஸ் படியில் அவர்களால் ஏற முடிகிறபோதே கூட்டிப் போங்கள்.

இந்தச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் கன்னியாவுக்கு ஒரு பஸ் ஒழுங்கு செய்யுங்கள். ஒவ்வொருவரும் ஓர் அம்மாவோடு வர வேண்டும். சொந்த அம்மா இல்லாத என்னைப் போன்றவர்கள், லயத்தில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவைக் கூட்டி வருவோம். முதல் இரண்டு இருக்கைக்கான காசை இப்போதே பொருளாளரிடம் தருகிறேன்.