குடியை நிறுத்தினார், தூக்கம் வரவில்லை

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். எங்க குழுவில் தீர்மான நோட்டு எழுதுறது நான்தான். ஆனா மைக் முன்னாடி நின்னு பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பா ஏதாவது சொன்னா மன்னிச்சுக்கோங்க.

எங்க வீட்டுக்காரர் கொத்தனார் வேலை பார்க்கிறார். அவர் குடியை நிறுத்தி இப்போ ஒரு வருஷமும் எட்டு மாசமும் ஆகுது. இப்பவே கை தட்டாதீங்க, முழுசாக் கேட்டுட்டுத் தட்டுங்க. இதை அவரைக் கேட்டுட்டுத்தான் பேசுறேன். "பேசு, நாலு வீட்டுக்கு உபயோகப்பட்டா சரி. என் பேரை மட்டும் சொல்லாதே"ன்னு சொல்லி அனுப்பினார்.

குடிக்கிற காலத்துக் கதையை நான் சொல்ல வேண்டாம். உங்களில் பாதிப் பேருக்கு அது சொந்தக் கதை. நிறுத்தின பிறகு என்ன நடக்கும் என்பதை மட்டும் யாரும் நமக்குச் சொல்றதில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரு தை மாசம், எங்க அத்தை அவரைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் கையில் கயிறு கட்டினாங்க. அன்னையில இருந்து அவர் ஒரு சொட்டுகூடத் தொடலை. நானும் அத்தையும் விளக்கேத்திக் கும்பிட்டோம். மறுநாள் கை நடுங்குச்சு, வேர்த்து ஊத்துச்சு. டீ டம்ளரைப் பிடிக்க முடியலை. அடுத்த நாள் ராத்திரி சுவத்தில் பூச்சி ஊருதுன்னு துண்டால் தட்டிக்கிட்டே இருந்தார். விடியக்காலையில் கை கால் இழுத்துக்கிச்சு. காத்துக் கருப்பு அடிச்சிருச்சுன்னு பக்கத்து வீட்டில் சொன்னாங்க. யாரோ சாவிக்கொத்தைக் கொண்டாந்து கையில் திணிச்சாங்க. என் மூத்த பொண்ணு அப்போ எட்டாவது படிச்சா. அவதான் 108-க்குப் போன் போட்டா.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கு. "தினமும் நிறையக் குடிச்சவர் திடீர்னு வீட்டிலேயே நிறுத்தினா முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். அடுத்த ரெண்டு மூணு நாளில் புத்தி தடுமாறலாம். கவனிக்காம விட்டா உயிரே போகும். நிறுத்தணும்தான். ஆனா டாக்டர்கிட்ட வந்து நிறுத்தணும்" என்றார். வைட்டமின் பி1 ஊசி போட்டாங்க. நடுக்கம், வலிப்பு அடங்க ஒரு மாத்திரை கொடுத்து, அதை நாளுக்கு நாள் குறைச்சு, பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினாங்க.

இதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். அதுக்கப்புறம்தான் தூக்கம் போச்சு.

ஒன்பது மணிக்குப் படுப்பார். பதினொன்று வரை புரளுவார். கொஞ்சம் கண் அசரும், ஒரு மணிக்கு எழுந்துடுவார். வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். பீடி மேல பீடி. தூங்கினா கனவில் குடிச்சுட்ட மாதிரி வந்து பதறி எழுந்திருப்பார். இப்படியே நாற்பது நாள். காலையில் அந்தக் கண்ணோட சாரத்தில் ஏறுவார். ரெண்டாவது மாடியில் நிக்கிற மனுஷனுக்குக் கண் சொருகினா என்ன ஆகும்? நான் இங்க அடுப்படியில் நின்னு பயந்துக்கிட்டே இருப்பேன். "ஒரு குவாட்டர் போட்டாத் தூங்கிடுவேன், அப்புறம் தொட மாட்டேன்"னு அவர் கெஞ்ச ஆரம்பிச்சார்.

அந்தப் பேச்சுக்குப் பயந்து நான் ஒரு தப்புப் பண்ணினேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையோட காலி அட்டை வீட்டில் கிடந்தது. அதை எடுத்துட்டுப் போய் ஒரு மருந்துக் கடையில் காட்டினேன். சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு அட்டை கொடுத்தாங்க. அன்னைக்கு ராத்திரி அவர் குழந்தை மாதிரித் தூங்கினார். நானும் பல நாளைக்கு அப்புறம் தூங்கினேன்.

அந்த மாத்திரை பேரை நான் சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கே யாராவது போய்க் கேட்பீங்க.

முதலில் ஒரு மாத்திரை. மூணு வாரத்தில் அது பத்தலை, ரெண்டு. அப்புறம் மூணு. இல்லைன்னா கை நடுக்கம், எரிச்சல், பழைய கோபம். குடி போன இடத்தில் மாத்திரை வந்து உட்கார்ந்துக்கிச்சு. காசுக்கு என்ன பண்றது? ஆட்டுக்குட்டி வாங்கணும்னு சொல்லி நம்ம குழுவில் 5,000 ரூபாய் உள்கடன் எடுத்தேன். தீர்மான நோட்டில் "ஆடு வளர்ப்பு"ன்னு என் கையாலேயே எழுதினேன். ஆடு வரவே இல்லை.

சித்திரையில் ஊர்த் திருவிழா. கூட்டாளிகளோட போனவர் குடிச்சுட்டு வந்தார். வந்து, என்கிட்ட சொல்லாமல் நாலு மாத்திரையையும் போட்டுட்டார். ராத்திரி குறட்டைச் சத்தம் வேற மாதிரி இருந்தது. நடு நடுவே மூச்சே நின்னு நின்னு வந்தது. அடிச்சு எழுப்பினாலும் எழும்பலை. உதடு கருநீலமா இருந்தது. மறுபடியும் 108. வண்டியில் மூச்சுக்கு ஆக்ஸிஜன் வெச்சாங்க. மறுநாள் மத்தியானம்தான் கண் திறந்தார்.

அதே டாக்டரம்மா. "யாரும்மா மாத்திரை வாங்கிக் கொடுத்தது?"ன்னு கேட்டாங்க. "நான்தான்"னு சொன்னேன். திட்டுவாங்கன்னு பார்த்தேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாங்க. அவங்க விளக்கினதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

பல வருஷமா குடி மூளையை அமுக்கிப் பிடிச்சிருக்கு. மூளை அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே பழகிடுச்சு. அமுக்கின கை திடீர்னு போனாலும் மூளை தள்ளுறதை நிறுத்தாது. அதான் நடுக்கம், அதான் தூக்கம் வராதது. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரை அந்தக் கையை மெதுவா எடுக்கிறதுக்கு. அதனால்தான் சில நாளுக்கு மட்டும், குறைச்சுக் குறைச்சுக் கொடுக்கிறாங்க. நாமளா வாங்கிக் கொடுத்துக்கிட்டே இருந்தா அது இன்னொரு அமுக்குற கை. குடியும் அந்த மாத்திரையும் சேர்ந்தா ரெண்டு கையும் ஒரே இடத்தில் அமுக்கும். மூச்சு விடணும்கிறதையே மூளை மறந்துடும்.

"அப்போ இன்னைக்கே மாத்திரையை நிறுத்திடுறேன் டாக்டர்"னு சொன்னேன். "அதையும் பண்ணிடாதே, திடீர்னு நிறுத்தினா மறுபடி வலிப்பு வரும்"னு சொல்லி, பல வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கச் சீட்டு எழுதினாங்க. வாரத்துக்கு ஒரு தடவைதான் மருந்து. அதுவும் என் கையிலோ அத்தை கையிலோ. குடிக்கிற ஆசையைக் குறைக்க வேற மருந்தும் இருக்கு, அதையும் டாக்டர் பார்த்துத்தான் கொடுக்கணும்னு சொன்னாங்க.

தூக்கத்துக்கு என்ன வழின்னு கேட்டேன். "நிறுத்தின பிறகு தூக்கம் சரியாக வாரங்கள் ஆகும், சிலருக்கு மாசக் கணக்கில் ஆகும். இது வியாதி ஆறுறதுல ஒரு பகுதி" என்றார். அதைக் கேட்டதுதான் எனக்கு முதல் நிம்மதி. இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் அந்தக் கடைக்குப் போயிருக்க மாட்டேன். அவங்க சொல்லி நாங்க செஞ்சதைச் சொல்றேன், குறிச்சுக்கோங்க:

எவ்வளவு நேரம் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருக்கணும். அவருக்கு ஐந்தரை.

பகல் தூக்கம் வேண்டாம். நாலு மணிக்கு மேல டீ, காப்பி வேண்டாம். படுக்கிற நேரத்தில் பீடி வேண்டாம், அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும். பீடியை அவர் இன்னும் விடலை, எட்டு மணியோட நிறுத்திக்கிறார்.

பாயில் போன் பார்க்கக் கூடாது.

இருபது நிமிஷம் தூக்கம் வரலைன்னா புரளாமல் எழுந்து, சின்ன வெளிச்சத்தில் ஏதாவது அமைதியான வேலை பார்க்கணும். கண் சொக்கினா மட்டும் திரும்பிப் போய்ப் படுக்கணும்.

அது புளி சீசன். நான் கூலிக்குப் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கிட்டு இருந்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் எழுந்து திண்ணையில் உட்கார்ந்து கொட்டை எடுப்பார். காலையில் நான் பார்த்தா ஒரு கூடை முடிஞ்சிருக்கும். அந்தக் கூலியையும் சேர்த்துத்தான் குழுக்கடனைக் கட்டினோம்.

சரியாத் தூங்காத நாளில் சாரம் ஏறக் கூடாதுன்னு மேஸ்திரிகிட்ட நானே போய்ச் சொன்னேன். கலவை போடுற வேலை கொடுத்தார். கூலி குறைஞ்சது, உயிர் இருந்தது.

இன்னொன்னு. இடையில் என் நாத்தனார் ஒரு வழி சொன்னாங்க: குடியை மறக்கடிக்கிற மருந்து விக்கிறாங்க, தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்துடுன்னு. டாக்டரம்மாகிட்ட கேட்டேன். பதறிட்டாங்க. அந்த மாதிரி மருந்து உடம்பில் இருக்கும்போது குடிச்சா முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு வந்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆளே போகலாமாம். நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும்கூட அந்த ஆபத்து இருக்காம். நோயாளிக்குத் தெரிஞ்சு, அவர் சம்மதிச்சு, டாக்டர் பரிசோதிச்சுத்தான் கொடுக்கணும். தெரியாமல் கலக்கிறது விஷம் வைக்கிற மாதிரி. தயவு செஞ்சு யாரும் செய்யாதீங்க.

இப்போ குழு விஷயம். அந்த உள்கடன் என் நெஞ்சில் முள்ளா இருந்தது. ஒரு வாரக் கூட்டத்தில் எழுந்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஆடு இல்லை, மாத்திரைதான் வாங்கினேன்னு. யாரும் பேசலை. எங்க குழுவில் வயசில் மூத்த அம்மா ஒருத்தர்தான் கேட்டாங்க: "காசு கிடக்கட்டும்டி, நீ தூங்கி எத்தனை நாளாச்சு?" நான் அங்கேயே அழுதுட்டேன். அதுவரைக்கும் என்னை யாரும் அதைக் கேட்கலை. அதுக்கப்புறம் ரெண்டு மாசம், வாரத்தில் ரெண்டு ராத்திரி அந்த அம்மா எங்க திண்ணையில் வந்து படுத்தாங்க, நான் தூங்கணும்னு. என் கடனுக்குத் தவணையை மாத்தி எழுதினாங்க. நோட்டில் "ஆடு வளர்ப்பு"ன்னு இருந்ததை அடிச்சு, "மருத்துவம்"னு நானே திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரி ஆலோசகர் மேடம் ஒரு விஷயம் சொன்னாங்க. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மாதான் 1980-ல் சென்னையில் போதை மறுவாழ்வுக்கு ஆஸ்பத்திரி தொடங்கினாங்களாம். மத்தவங்களுக்கு ஒரு வழியை உண்டாக்கிக் கொடுத்திருக்காங்க. நம்மால் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. நம்மால் முடிஞ்சதை நாம செய்யலாம்.

கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்னு, குடியை நிறுத்துற வைத்தியத்துக்குன்னு அவசரக் கடன் வேணும். ஆட்டுப் பேரைச் சொல்லிக் கேட்கிற நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

ரெண்டு, சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்க மாட்டோம், ஒரு வீட்டு மாத்திரையை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்க மாட்டோம்னு எல்லாக் குழுவிலும் தீர்மானம் போடணும்.

மூணு, நம்ம சேமிப்புப் புத்தகத்தோட பின்பக்கம் மூணு நம்பரை எழுதி வைக்கணும். போதையில் இருந்து மீள ஆலோசனைக்கு 14446. மனசு தாங்காதபோது பேச 14416. வலிப்பு, மயக்கம், மூச்சுத் திணறல்னா யோசிக்காமல் 108.

இன்னைக்கும் அவர் சில ராத்திரி மூணு மணிக்கு முழிச்சுக்கிறார். எனக்கும் முழிப்பு வந்துடும். அவர் மூச்சு சீரா வருதான்னு கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பேன். அப்புறம் திரும்பிப் படுத்துத் தூங்கிடுவேன். நாளைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. மறுபடி அப்படி ஒரு ராத்திரி வந்தா நான் மருந்துக் கடைக்கு ஓட மாட்டேன், யார் வீட்டுக் கதவைத் தட்டணும்னு எனக்குத் தெரியும்.

உங்க குழுவில் யாராவது கண் கீழே கருத்து, பேசாமல் உட்கார்ந்திருந்தா, கடன் பாக்கியைக் கேட்கிறதுக்கு முன்னாடி "தூங்கினியா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.