மோட்டார் வண்டியின் தீப்பொறி

பெட்ரோலில் ஓடும் ஒரு சிறிய காரில் ஆயிரக்கணக்கான உறுப்புகள் இருக்கின்றன. அவற்றுள் ஆள்காட்டி விரல் நீளமே உள்ள ஓர் உறுப்பைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ‘ஸ்பார்க் பிளக்’ என்பது அதன் பெயர். பட்டறைகளில் ‘பிளக்’ என்றே சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் விலை குறைவு. பழகிய கைக்கு அதைக் கழற்றி மாட்டக் கால் மணி நேரம் போதும். ஆயினும், அதைத் தெரிந்தெடுப்பதில் நான் செய்த ஒரு பிழையால், குற்றமற்ற ஓர் இளைஞன் பழி சுமக்க நேர்ந்தது. மாணவ நண்பர்களே, அந்த நிகழ்ச்சியைச் சொல்லுமுன், பிளக் செய்யும் வேலை இன்னதென்று சற்றே பார்ப்போம்.

எஞ்சினின் உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை உறிஞ்சப்படுகிறது. பிஸ்டன் அதை அமுக்குகிறது. அமுங்கிய கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. எரிந்த புகை வெளியேறுகிறது. இந்த நான்கு செயல்களுள் மூன்றாவதற்கு நெருப்பு வேண்டும். அந்த நெருப்பைத் தருவதுதான் பிளக். பாட்டரியின் 12 வோல்ட் அழுத்தத்தைச் சுருள் ஒன்று பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி அனுப்புகிறது. பிளக்கின் நடுவிலுள்ள உலோக முனைக்கும் ஓரத்திலுள்ள வளைந்த முனைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டும்போது தீப்பொறி எழுகிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழல்கிறது என்று கொண்டால், ஒவ்வொரு பிளக்கும் விநாடிக்கு 25 முறை பொறி விட வேண்டும். ஒரு மணி நேரத்தில் அது 90,000 பொறியாகும்!

1860ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் எத்தியேன் லெனுவார் என்பவர் தமது வாயு எஞ்சினில் மின்பொறியைப் பயன்படுத்தினார். 1902ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ராபர்ட் போஷ் அவர்களின் பட்டறையில் பணிபுரிந்த கோட்லோப் ஹோனால்ட், உயர்ந்த மின்னழுத்தம் தரும் கருவியையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். அடுத்த பத்தாண்டுக்குள் அந்தப் பொறி மதுரைக்கும் வந்துவிட்டது. 1911ஆம் ஆண்டில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் அவர்கள் இங்கே தமது தொழிலைத் தொடங்கி, மோட்டார் பஸ் போக்குவரத்துக்கு அடிகோலினார். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. அப்பொழுது அவரது நிறுவனம் கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கும் கருவிகளைச் செய்தது. எரிபொருள் மாறிற்று, ஆனால் அந்த வாயுவைப் பற்றவைக்கவும் தீப்பொறியே வேண்டியிருந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்து வந்தவன். 1996ஆம் ஆண்டில் என்னிடம் ஒரு பழைய மாருதி 800 இருந்தது. மூன்று உருளைகளும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உள்ள சிறிய எஞ்சின் அது, மூன்று பிளக்குகள். வண்டி அதிகமான பெட்ரோல் குடிக்கிறது என்று ஒரு பட்டறையில் விட்டேன். அங்கே வேலை பழகிக்கொண்டிருந்த, இருபது வயதுகூட நிரம்பாத ஓர் இளைஞன் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்துச் சரிசெய்து கொடுத்தான். அதே வாரத்தில், பிளக் மாற்றிப் பல ஆயிரம் கிலோமீட்டர் ஆயிற்றே என்ற நினைவில், நானே கடைக்குப் போய்ப் புதியவை மூன்று வாங்கி மாட்டினேன். பழைய பிளக்கின் மீது ‘5’ என்ற எண் இருந்தது. கடையில் அந்த நிறுவனத்தின் சரக்கு இல்லை. வேறொரு நிறுவனத்தின் ‘5’ஆம் எண்ணைக் கேட்டு வாங்கினேன். மரை சரியாகப் பொருந்தியது, வண்டியும் கிளம்பியது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

ஒரு வாரம் மாசி வீதிகளிலும் சந்தை நெரிசலிலும் ஊர்ந்துகொண்டே வண்டியை ஓட்டினேன். உசிலம்பட்டியிலிருந்த என் தாயாருக்கு அப்பொழுது ஒரு கண்ணில் அறுவை நடந்திருந்தது. மதுரையில் மருத்துவர் மீண்டும் பார்க்க வேண்டிய நாள் வந்தது. அவரை அழைத்துவர விடியுமுன் புறப்பட்டேன். நாகமலையைத் தாண்டுவதற்குள் வண்டி திணறத் தொடங்கியது. செக்கானூரணி அருகில் நின்றே விட்டது. கைத்தொலைபேசி பரவாத காலம். கட்டுப் போட்ட கண்ணோடு தாயார் வாசலில் காத்திருந்துவிட்டு, அயல் வீட்டாரின் துணையோடு பஸ் ஏறி மதுரைக்கு வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது கடந்துவிட்டது. மருத்துவரைக் காண மறுநாள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

என் கோபம் எங்கே போயிருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். நேரே பட்டறைக்குச் சென்று, அந்த இளைஞன் கார்புரேட்டரைக் கெடுத்துவிட்டான் என்று உரிமையாளரிடம் குற்றஞ்சாட்டினேன். அவர் என் வார்த்தையை அப்படியே நம்பினார். அந்த வாரக் கூலியை நிறுத்தி, இனி வேலைக்கு வரவேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டார்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. “ஐயா, போவதற்கு முன்னால் பிளக்கை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுகிறேனே” என்றான். மூன்றையும் கழற்றினான். மூன்றின் முனைகளும் உலர்ந்த கரி படிந்து கறுத்திருந்தன. “பார்த்தாயா, பெட்ரோல் மிகுதியாகப் போகிறது, கார்புரேட்டர் கோளாறுதான்” என்றேன் நான். “இருக்கலாம் ஐயா. ஆனால் பிளக் தவறானதாக இருந்தாலும் இப்படித்தான் கறுக்கும். பழைய பிளக்குகள் எங்கே?” என்று கேட்டான். நல்ல வேளையாக, அவற்றைக் காகிதத்தில் சுற்றி வண்டியிலேயே போட்டு வைத்திருந்தேன். அவன் அவற்றைத் துடைத்து, இடைவெளியை அளந்து திருத்தி மாட்டினான். கார்புரேட்டரைத் தொடவே இல்லை. “இரண்டு நாள் இதே வீதிகளில் ஓட்டுங்கள். மறுபடியும் கறுத்திருந்தால் குற்றம் என்னுடையது” என்றான்.

இரண்டு நாள் ஓட்டினேன்; வண்டி ஒருமுறைகூடத் திணறவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது, முனைகள் வெளிர் பழுப்பு நிறமாக இருந்தன. நலமாக எரியும் எஞ்சினின் நிறம் அதுவே. ஒரு சோதனையில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். அந்த வாரத்தில் கார்புரேட்டர், பிளக் ஆகிய இரண்டும் மாறியிருந்தன என்பதை மறந்து, எனக்கு வேண்டிய காரணத்தைப் பிடித்துக்கொண்டேன். அதைப் பிரித்துக் காட்டியவன் அந்த இளைஞன்.

தவறு எண்ணில் இருந்தது. பிளக்கின் எண் அதன் வெப்பத் தரத்தைக் குறிப்பது. முனையைச் சூழ்ந்த பீங்கான் நீளமாக இருந்தால், சூடு வெளியேறும் வழி நீளும். முனை அதிகமாகச் சூடாகும். அது ‘சூடான பிளக்’. பீங்கான் குட்டையாக இருந்தால் சூடு விரைவில் வெளியேறும். அது ‘குளிர்ந்த பிளக்’. நீண்ட காம்புள்ள கரண்டியின் சூடு கைக்கு வந்து சேரத் தாமதமாவது போன்றதே இதுவும். முனையின் சூடு ஏறத்தாழ 450 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்தால், படியும் கரி எரிந்து போகாது; அந்தக் கரி வழியே மின்சாரம் கசிந்து, பொறி எழாமல் போகும். 850 டிகிரியை மிகவும் தாண்டினால், பொறி எழுமுன்பே கனலும் முனை கலவையைப் பற்றவைத்துப் பிஸ்டனையே உருக்கிவிடலாம். இரண்டுக்கும் நடுவே நிற்பதே தகுந்த பிளக்.

ஆனால் எண் இடும் முறை எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றல்ல. என்.ஜி.கே. முறையில் எண் கூடக் கூடப் பிளக் குளிர்ந்தது. போஷ், சாம்பியன் ஆகியவற்றின் முறையில் எண் கூடக் கூடச் சூடானது. ஆகவே ஒன்றின் 5 மற்றொன்றின் 5 ஆகாது. நான் வாங்கியது என் வண்டிக்கு மிகவும் குளிர்ந்த பிளக். நகரத்தில் ஊர்ந்த ஓட்டத்தில் அது கரியைச் சுமந்துகொண்டே வந்தது. சரக்கில் குறையில்லை, கேட்டு வாங்கிய என்னிடமே குறை.

என்.ஜி.கே. பிளக் ஒன்றின் மீது ‘பி.பி.ஆர்.5.இ.எஸ்.’ என்று எழுதியிருந்தால், முதல் எழுத்து 14 மில்லிமீட்டர் மரையையும், இரண்டாவது முன்னே நீண்ட பீங்கானையும், ‘இ’ என்பது 19 மில்லிமீட்டர் மரை நீளத்தையும் குறிக்கும். மரை நீளம் கூடினால் பிஸ்டன் இடிக்கக்கூடும். ‘ஆர்’ என்பது உள்ளேயுள்ள மின்தடையைக் குறிக்கும். தீப்பொறி எழும்போதெல்லாம் வானொலி அலைகளும் எழுகின்றன. அந்தத் தடை இல்லையானால், காரிலுள்ள வானொலியில் நீங்கள் என் குரலுக்குப் பதில் கரகரப்பைக் கேட்க நேரும்.

மாற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே தொடவேண்டும். சூட்டில் திருகினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும். சுற்றிலும் உள்ள தூசியை முதலில் ஊதிவிடுங்கள். வைகைக் கரை மணல் ஒரு துளி உருளைக்குள் விழுந்தாலும் கேடுதான். கம்பிகள் இடம் மாறாதிருக்க, ஒன்றை முடித்த பின்னரே அடுத்ததைக் கழற்றுங்கள். கையேட்டில் கண்ட இடைவெளியை அளந்து பாருங்கள். கார்புரேட்டர் வைத்த பழைய சிறு கார்களுக்கு அது பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். விரலாலேயே திருகி உட்கார வைத்து, வளையம் உள்ள புதிய பிளக்கானால் அதன்பின் ஸ்பானரால் அரைச் சுற்று மட்டுமே முறுக்குங்கள். சாதாரண நிக்கல் முனைகளைவிட இன்றைய இரிடியம் முனைகள் பல மடங்கு உழைக்கும். அவற்றை அரத்தால் தேய்க்கலாகாது. கழற்றிய பழையவற்றை உடனே எறியாதீர்கள். வெளிர் பழுப்பானால் நலம். உலர்ந்த கரியானால் மிகுந்த பெட்ரோலோ, அடைந்த காற்று வடிகட்டியோ, குளிர்ந்த பிளக்கோ. எண்ணெய்ப் பசையானால் எஞ்சின் தேய்மானம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் மிகுந்த சூடு.

மாருதி 800 வண்டியின் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. டீசல் எஞ்சின் அமுக்கத்தின் சூட்டிலேயே எரிவதால் அதற்குத் தீப்பொறி வேண்டியதில்லை. மின்சாரக் கார்களில் பிளக்கே கிடையாது. ஆகவே நீங்கள் ஓட்டப்போகும் வண்டியில் அந்த உறுப்பு இல்லாமலும் போகலாம். எனினும் அது எனக்குக் கற்பித்த பாடம் பழமையாவதில்லை.

பட்டறை உரிமையாளரிடம் சென்று, பிழை என்னுடையது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். நிறுத்திய கூலி அந்த இளைஞனுக்குக் கிடைத்தது, வேலையும் மீண்டது. நான் மன்னிப்புக் கேட்டபோது அவன் சொன்னது இவ்வளவுதான்: “அடுத்த முறை பிளக்கைப் பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள் ஐயா.” அன்று முதல் அந்தக் கறுத்த பிளக்குகளில் ஒன்று என் மேசை மீது இருக்கிறது. எவர் மீதேனும் குறை சொல்ல வாய் திறக்குமுன், நான் அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.