விண்மீனும் வெள்ளமும்



நம் சங்கத்தின் வெள்ளி விழாவில் மேகநாத சாகாவை நினைவுகூர விழைகின்றோம். 1893-இல் டாக்கா அருகே ஒரு சிற்றூரில், தாழ்ந்ததெனக் கருதப்பட்ட சாதியில், ஏழைக் கடைக்காரரின் மகனாய்ப் பிறந்தவர் அவர். வெளியூரில் பயில மருத்துவர் ஒருவர் உணவும் உறைவிடமும் ஈந்தார். உண்ட தட்டைத் தாமே கழுவுதல் வேண்டும் என்பது நிபந்தனை. கல்கத்தா விடுதியிலோ, மாணவர் சிலர் அவரோடு அமர்ந்துண்ண மறுத்தனர்.

அவரே 1920-இல், வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் ஏற்ப அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கும் அளவைக் கணக்கிடும் சமன்பாட்டை உலகிற்கு அளித்தார். விண்மீனின் ஒளியைக் கொண்டே அதன் வெப்பத்தை அறிய அது வழிவகுத்தது.

ஆய்வுக்கூடத்தோடு அவர் அமைந்தாரல்லர். 1935-இல் 'சயின்ஸ் அண்ட் கல்ச்சர்' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். 1943-இல் தாமோதர் நதியில் வெள்ளம் பெருகியபின், அதனை அடக்கும் வழியை அவ்விதழில் விளக்கினார். 1945-இல் அத்திட்டத்திற்கான மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் அண்ணல் அம்பேத்கர். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவாயிற்று.

நம் விடுதியில் உணவுக்கு நிபந்தனை இல்லை. ஆயினும் கடன் ஒன்றுண்டு. சாகாவின் இதழ் ஆங்கிலத்தில் வந்தது. நம் சேரித் தாய்மார்க்கு அறிவியலைத் தமிழில் எடுத்துரைப்பார் யார்? கற்ற நாமே உரைத்தல் வேண்டும்.