வணிகச் செய்தியும் நம் சேமிப்பும்
(சங்கத்தின் வாராந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



நம் வீடுகளிலே பத்திரிகை வந்ததும் முதலிற் பார்க்கப்படுவது மரண அறிவித்தல். அடுத்தது தங்கத்தின் விலை. வணிகப் பக்கமோ பெரும்பாலும் பொதி சுற்றுவதற்கே பயன்படுகின்றது. அது பணக்காரருக்குரிய பக்கம் என்ற எண்ணமே இதற்குக் காரணம். வங்கியிலே நிலையான வைப்பு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரும், ஊழியர் சேமலாப நிதிக்கு மாதந்தோறும் சம்பளத்திற் கழிக்கப்படும் தொழிலாளியும், மகளின் திருமணத்தை எண்ணிச் சீட்டுக் கட்டும் தாயும் முதலீட்டாளரல்லாமல் வேறு யார்? 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது சேமலாப நிதியின் கையிலிருந்த அரசாங்க முறிகள் நீண்டகாலப் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. அது தம் முதுமைக்காலப் பணத்தைப் பற்றிய செய்தி என்று அறிந்து வாசித்த தொழிலாளர் எத்தனை பேர்?

பல்கலைக்கழகத்திலே பயிலும் நாங்கள் பொருளியல் மேதைகளல்லர். எனினும், செய்தியிலே ஓர் எண்ணைக் கண்டால் “எதனோடு ஒப்பிட்டு?” என்று கேட்கும் பழக்கம் ஒன்றிருந்தாலே பாதி இருள் நீங்கும் என்பதைக் கண்டிருக்கிறோம்.

பணவீக்கத்தை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதமாயிற்று. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் 1.3 வீதமாக இறங்கிற்று. “பணவீக்கம் வீழ்ச்சி” என்ற தலைப்பைக் கண்டு, சாமான் விலை பழைய நிலைக்குத் திரும்புமென்று பலர் காத்திருந்தனர். திரும்பவில்லை, திரும்பும் என்று அந்தச் செய்தி சொல்லவுமில்லை. 100 ரூபாய்ப் பொருள் முதலாண்டிலே 170 ரூபாயாகிறது. மறு ஆண்டிலே 172 ஆகிறது. ஏறும் வேகந்தான் குறைந்தது. ஏறிய விலை ஏறியபடியே நின்றது. இக்கணக்கு எட்டாம் வகுப்புச் சிறுவனுக்கும் விளங்கும். மிஷன் பாடசாலையிலே வீதக் கணக்குக்காக நாங்கள் வாங்கிய பிரம்படி இங்கேதான் பயன் தருகிறது!

ஓர் இலட்சம் ரூபாயை 8 வீத வட்டிக்கு வைத்தவர் ஆண்டு முடிவிலே ஓர் இலட்சத்து எண்ணாயிரம் பெறுவார். அதே ஆண்டில் விலைகள் 70 வீதம் ஏறின், ஓர் இலட்சத்துக்கு வாங்கிய பொருள்களை வாங்க ஓர் இலட்சத்து எழுபதினாயிரம் வேண்டும். வங்கிப் புத்தகத்திலே தொகை வளர்ந்திருக்கும். வீட்டிலே அரிசி மூட்டை குறைந்திருக்கும். திருடன் வராமலே திருட்டுப் போன கதை இது.

இனிப் பங்குச் சந்தை. கொழும்பிலே பங்கு வியாபாரம் 1896இல், தேயிலைத் தோட்டங்களைத் திறக்க மூலதனம் திரட்டுவதற்காகத் தரகர் சங்கமாகத் தொடங்கியது. தோட்டங்களிலே கொழுந்து பறித்த நம்மவர் கைக்கு அந்தப் பங்கிலாபம் எட்டவில்லை என்பதையும் இங்கே சொல்லி அப்பாற் செல்வோம். இன்று நாள்தோறும் கேட்கும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், 1985ஆம் ஆண்டை 100 எனக் கொண்டு கணிக்கப்படுவது. 2022 ஜனவரியில் அது 13,000ஐத் தாண்டிற்று. ஏப்ரலிலே அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. சந்தையும் ஒரு வாரம் மூடப்பட்டது. அம்மாத முடிவிலே சுட்டெண் 8,000க்கும் கீழே கிடந்தது. 2024 முடிவிலோ ஏறக்குறைய 16,000. “வரலாறு காணாத உச்சம்” என்று செய்திகள் முழங்கின.

உண்மைதான். ஆனால் எதனோடு ஒப்பிட்டு? பழைய 13,000இலிருந்து 16,000க்கு ஏறியது நூற்றுக்கு இருபத்துமூன்று அளவே. அதே காலத்தில் 100 ரூபாய்ப் பொருள் 150ஐத் தாண்டிவிட்டது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் 290ஐத் தாண்டியிருந்தது. ஆகவே ரூபாயிலே உச்சம். அரிசியிலும் டொலரிலும் உச்சமன்று. கம்பனிகள் “சாதனை இலாபம்” என்று அறிவிக்கும்போதும் இதே கேள்வியைக் கேட்டல் நன்று.

வட்டிக்கும் பங்குக்குமுள்ள உறவு நம் கிராமத்துக்குப் புதிதன்று. நல்ல ஈட்டின்மேல் கூடிய வட்டி கிடைக்குமாயின் எவரும் தம் பணத்தைக் கடையிலே பங்காகப் போடார். 2022இன் பிற்பகுதியில் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 வீதத்தையும் கடந்தது. அரசாங்கமே அவ்வளவு தரும்போது, இலாபம் வருமோ வராதோ என்றிருக்கும் கம்பனிப் பங்கை யார் நாடுவர்? பின்னர் மத்திய வங்கி வட்டியைக் குறைக்கக் குறைக்கப் பணம் பங்குகளை நோக்கித் திரும்பிற்று. ஆதலின் பங்கு வாங்க எண்ணுபவர் முதலில் வாசிக்க வேண்டியது மத்திய வங்கியின் வட்டி அறிவிப்பையே.

நம்மை வருத்தும் விடயம் வேறொன்றுண்டு. எங்கள் வயதுடையோர் பலர் பத்திரிகையையும் வாசிப்பதில்லை. கைத்தொலைபேசியிலே “நாளை இந்தப் பங்கு ஏறும்” என்று வரும் குறிப்பையே வேதமாகக் கொள்கின்றனர். குறிப்பை அனுப்பியவர் அப்பங்கை முன்னரே வாங்கிவைத்து, நாம் வாங்கி விலையை ஏற்றியதும் விற்றுவிட்டுப் போகலாமன்றோ? “மாதம் பத்து வீதம் நிச்சயம், இன்னும் இருவரைச் சேர்த்துவிடு” என்பது அதனினும் கொடியது. அத்தகைய பிரமிட் திட்டங்கள் இலங்கைச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. வெளிநாட்டிலே அண்ணன் உழைத்து அனுப்பிய காசு இப்படிக் கரைந்த வீடுகள் நம் அயலிலேயே உள்ளன. பெயர் சொல்ல வேண்டியதில்லை.

பெரியோர்கள் கேட்பீர்கள்: “வைப்பு வைப்பதற்குமா தம்பி இவ்வளவு ஆராய்ச்சி?” ஆம், ஐயா. அந்நிறுவனத்துக்கு மத்திய வங்கியின் உரிமம் உண்டா என்பதை அவ்வங்கி வெளியிடும் பட்டியலிலே பார்க்கலாம். உரிமம் இருந்தும் பின்னர் அதை இழந்த நிதிக் கம்பனிகள் உண்டு. ஆகையால் அது முழுக் காவலன்று. 2021இல் வைப்புக் காப்புறுதியின் எல்லை ஒரு நிறுவனத்தில் ஒருவருக்குப் பதினொரு இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வைத்திருப்பவர் இத்தொகையை மனத்திற்கொண்டு, கொஞ்சம் பிரித்து வைக்கலாம். ஏனையோரிலும் இரண்டு வீதம் கூடுதலாகத் தருகிறோம் என்பவரிடம், ஏன் தருகிறீர்கள் என்று வாய்விட்டுக் கேட்கவும் வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு எவரேனும் ஒரு கம்பனியின் ஆண்டறிக்கையைக் கொண்டுவந்தால் எல்லோருமாக இருந்து வாசிக்கலாம். தலைவரின் படமும் உரையும் உள்ள பக்கங்களைத் தள்ளிவிட்டு, கணக்காய்வாளரின் அறிக்கையிலிருந்து தொடங்குவோம்.