வெருண்ட குதிரையை விலைக்கு வாங்கலாமா?



உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஒருவருக்குக் குதிரை வாங்கும் எண்ணம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடற்கரையில் உல்லாசப் பயணிகளை ஏற்றலாம், கலியாண ஊர்வலத்துக்கு விடலாம், வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆசை. நுவரெலியாவிலிருந்து ஒரு தரகர், பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை ஒன்றைக் காட்டுகிறார். வடிவான குதிரை, எட்டு வயது, விலையும் நினைத்ததில் பாதி. ஆனால் தலையில் கை வைக்க விடாது. பின்பக்கம் ஆள் போனால் காதைப் பிடரியோடு ஒட்ட மடக்கும். தரகர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். "ஆள் புதுசுதானே ஐயா, அதுதான் கொஞ்சம் வெருளுது. ரெண்டு நாளில சரியா வந்திடும்."

வாங்கலாமா, விடலாமா?

திருகோணமலை குதிரைக்குப் பேர்போன ஊர் இல்லை. என்றாலும் இந்தக் கேள்விக்குப் பொருத்தமான ஒருவர் இங்கே தங்கிப் போயிருக்கிறார். பிரட்ரிக் கோட்டைக்குள் வெலிங்டன் பிரபுவின் பெயரைச் சொல்லிக் காட்டும் பழைய வீடு ஒன்று உண்டு. 1800ஆம் ஆண்டின் கடைசியில் ஆதர் வெல்லெஸ்லி என்ற பெயரோடு, இளம் படைத்தலைவராக அவர் திருகோணமலைக்கு வந்தார். ஏறக்குறைய 15 ஆண்டுகள் கழித்து, 1815 ஜூன் 18ஆம் திகதி, வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தார். அன்று அவரைச் சுமந்தது கோப்பன்ஹேகன் என்ற குதிரை. அதுவும் பந்தயத்தில் ஓடிப் பெரிதாக வெல்லாமல் படைக்கு வந்ததுதான். போர் தொடங்கியது முதல் இருட்டும் வரை பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே அந்தக் குதிரை அவர் சொன்ன இடத்தில் நின்றது, சொன்ன இடத்துக்கு ஓடியது. இரவு அவர் இறங்கி, மெச்சும் விதமாகப் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினார். குதிரை விட்டது ஓர் உதை. மயிரிழையில் தப்பினார்.

பீரங்கிக்கு அஞ்சாத குதிரை, தட்டிக்கொடுத்த கைக்கு உதைக்கிறது. அப்படியானால் குதிரையின் நம்பிக்கை முழுசாக இருப்பதோ முழுசாக இல்லாமல் போவதோ அல்ல. முதுகில் ஆள் இருக்கும்போது ஒரு கணக்கு, பின்னால் நிற்கும்போது வேறு கணக்கு. வெலிங்டன் அந்த உதைக்காகக் குதிரையைத் தள்ளிவிடவில்லை. 1836இல் அது சாகும்வரை தன் தோட்டத்திலேயே வைத்திருந்தார், இராணுவ மரியாதையோடு புதைக்கவும் செய்தார். ஆகவே "வெருளும் குதிரை" என்று தரகர் சொன்னால் அது பாதிப் பேச்சு. எதற்கு வெருளும்? எந்தப் பக்கத்தில்? யாரிடம்? இவற்றுக்கு விடை தெரியாமல் விலை பேசக் கூடாது.

குதிரை ஏன் வெருளுகிறது என்பதற்கு நமக்குக் கோட்டைக்குள்ளேயே பாடம் இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் புள்ளிமான்கள் ஆட்களுக்கு நடுவே திரிவதை எல்லோரும் பார்த்திருப்போம். வாழைப்பழத் தோலை நீட்டினால் கிட்ட வரும், கையிலிருந்தே வாங்கித் தின்னும். அதே மானுக்குப் பின்னால் ஒரு பிள்ளை திடீரென்று கையைத் தூக்கினால், தின்றதைப் பாதியில் போட்டுவிட்டு ஒரே துள்ளு. தின்பது பசியால், ஓடுவது பயத்தால். ஒன்று மற்றதை அழிப்பதில்லை. குதிரையும் ஓடித் தப்பிப் பிழைத்த இனம். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 பாகை பார்க்கும். வால் பக்கத்துக்கு நேர் பின்னாலும், நெற்றிக்கு முன்னே மூக்கை ஒட்டியும் மட்டும் அதற்குத் தெரியாது. நாம் ஆசையாக நெற்றியைத் தடவப் போகும் கை, அது காணாத இடத்தால்தான் வருகிறது. அதனால் குதிரையிடம் தோள் பக்கமாக, பேசிக்கொண்டு போக வேண்டும். வாங்க வருபவர் ஒரு கரட்டைக் கொடுத்து, அது தின்றதும், "என்னோடு ஒட்டிவிட்டது" என்று சொன்னால், அவர் மானைப் பார்த்துப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது நோவு. பயம் என்று நாம் நினைப்பது பல தடவை வெறும் நோவாக இருக்கும். குதிரையின் பல் ஆயுள் முழுக்க முளைத்துத் தேய்ந்துகொண்டே இருப்பது. மேல்கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் கத்திபோலக் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். வருடத்துக்கு ஒரு தடவையாவது அராவிவிட வேண்டும். அராவாத வாயில் கடிவாளம் போட்டால் எந்தக் குதிரைதான் தலையைக் கொடுக்கும்? அளவில்லாத சேணம் முதுகை நசுக்கும். லாடம் பிழைத்த குளம்பு ஒவ்வொரு அடியிலும் குத்தும். தம்பலகாமத்துப் பட்டிக்காரரைக் கேட்டால் சொல்வார், பால் கறக்கும்போது உதைக்கிற பசுவின் காலைக் கட்டுவதற்கு முன் மடியில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று. குதிரைக்கும் அதே முறைதான். விலை பேசும் முன் கால்நடை வைத்தியரைக் கொண்டு பல், முதுகு, குளம்பு, கண் நான்கையும் பார்க்கச் செய்யுங்கள். நம் மாவட்டத்து வைத்தியர்கள் அன்றாடம் பார்ப்பது மாடும் ஆடும் கோழியும். ஆகையால் குதிரை பார்த்துப் பழகிய வைத்தியரை, செலவானாலும் தேடிப் பிடியுங்கள். நோவு என்று தெரிந்தால் நல்ல செய்தி. நோவுக்கு மருந்து உண்டு.

நோவு இல்லை, பயம்தான் என்றால், அந்தப் பயம் எப்படி வந்தது? மனிதரையே அறியாத குதிரை ஒரு வகை. மனிதரை அறிந்து, அடியும் காதைத் திருகிப் பிடித்ததும் நினைவிலிருக்கிற குதிரை இன்னொரு வகை. முதல் வகையைக் காண நெடுந்தீவுக்குப் போகலாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த வழியில் இன்றும் அங்கே மட்டக்குதிரைகள் கட்டவிழ்ந்து திரிகின்றன. அவற்றைத் தீவை விட்டு வெளியே கொண்டுபோகச் சட்டம் விடாது, அந்த எண்ணமே வேண்டாம். ஆனால் அவற்றின் பயத்தில் கசப்பு இல்லை. தூரம் வேண்டும், அவ்வளவுதான். கெட்ட அனுபவத்தால் வெருண்ட குதிரையில் வேலை இரண்டு மடங்கு. பழையதை அது மறப்பதில்லை. அதன் மேல் புதியதை அடுக்கத்தான் முடியும்.

நம் கதைகள் இந்த இடத்தில் நமக்குக் கொஞ்சம் துரோகம் செய்கின்றன. தேசிங்கு ராஜன் கதைப்பாட்டில், யாராலும் அடக்க முடியாத பாராசாரியை இளம் தேசிங்கு டில்லியில் ஏறி அடக்கிவிடுகிறான். கேட்கச் சுகம். பாராசாரி எதற்கு முரண்டு பிடித்தது என்று கதை கேட்கவில்லை, ஏறிய வீரனோடு அது முடிந்துவிடுகிறது. புளூட்டார்க் என்ற கிரேக்கர் எழுதிய கதையில் பிள்ளை அலெக்சாந்தர் வேறொன்று செய்கிறான். மற்றவர்கள் அடக்கப் பார்த்த குதிரை தன் நிழலைக் கண்டுதான் வெருளுகிறது என்று கவனித்து, அதன் முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பிவிட்டு, பிறகு ஏறுகிறான். வீரம் பிறகு வந்தது. பார்வை முதலில் வந்தது.

அந்தப் பார்வையோடு குதிரையைப் பார்க்கப் போங்கள். ஒரே தடவை போதாது. காலையிலும் போங்கள், பின்னேரமும் போங்கள், ஒருமுறை சொல்லாமல் போங்கள். புராணக் கதையில் அரிமர்த்தன பாண்டியன் பகலில் வந்திறங்கிய குதிரைகளைப் பார்த்து மகிழ்ந்தான். இரவில் அவை நரியாகி லாயத்துப் பழைய குதிரைகளைக் கடித்துக் குதறின. அவனுக்கு நடந்தது இறைவன் திருவிளையாடல். நமக்கு நடக்கக்கூடியது மயக்க ஊசி. வாங்கும் நாளில் மட்டும் அளவுக்கு மீறிச் சாந்தமாக, கீழுதடு தொங்க நிற்கும் குதிரையைக் கண்டால் வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். கட்டி வைத்த குதிரையை ஒருபோதும் பார்க்காதீர்கள். தரகரே அதைத் திறந்த வெளியில் பிடித்து, தலைக்கயிறு போட்டு, நடத்திக் கொண்டுவரட்டும். பிடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறார், மூலைக்குத் துரத்துகிறாரா, கையில் தடி இருக்கிறதா என்று பாருங்கள். குதிரையைப் பற்றி அவர் சொல்வதை விட அவரைப் பற்றிக் குதிரை சொல்வது உண்மை.

இனி முக்கியமான சோதனை. கொஞ்சம் தூரத்தில் நின்று, ஒருவரைக் குடை ஒன்றை விரிக்கச் சொல்லுங்கள். குதிரை வெருளும். வெருளட்டும், எல்லாக் குதிரையும் வெருளும், அது குற்றமே அல்ல. வெருண்ட பிறகு என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நின்று, திரும்பி, காதை அந்தப் பக்கம் நீட்டிப் பார்க்கிறதா? ஒரு பெருமூச்சு விட்டு, வாயை மென்று, தலையைத் தாழ்த்துகிறதா? அப்படியானால் அதன் உள்ளே இன்னும் விசாரணை நடக்கிறது, அதோடு வேலை செய்யலாம். அரை மணி ஆகியும் வியர்த்து, கண்ணின் வெள்ளை தெரிய, கயிற்றின் முனையில் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? அது வேறு கதை. ஓய்வில் நிற்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் குழாய் வைத்து வைத்தியர் எண்ணிச் சொல்வார். அசையாமல் நிற்கிறது, ஆனால் நாடி மட்டும் இறங்கவே மாட்டேன் என்கிறது என்றால், அதை அமைதி என்று எடுக்காதீர்கள். தப்ப வழியில்லை என்று விட்டுவிட்ட குதிரை அது. ஒரு நாள் வழி கிடைக்கும்போது யார் முதுகில் இருந்தாலும் பார்க்காது.

பயத்தைத் தணிக்கும் வேலை எப்படி நடக்கும் என்றும் சொல்ல வேண்டும். தோளில் கை வைக்கிறீர்கள். குதிரை அசையாமல் நின்ற அந்த நொடியில் கையை எடுத்துவிடுகிறீர்கள். கையை எடுப்பதுதான் அதற்குப் பரிசு. அது உதறியபோது எடுத்தீர்களானால் உதறினால் கை போகும் என்று கற்றுக்கொள்ளும். இந்த ஒரு நொடிப் பிசகைத்தான் பலரும் மாதக்கணக்கில் செய்து, "இது திருந்தாது" என்று விற்றுவிடுகிறார்கள். தோளிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து காதடி என்று கை ஏற, நாட்களல்ல, மாதங்கள் வேண்டும். தரகர் பாதி விலை சொன்னாரே, மற்றப் பாதியை நீங்கள் நாளாகக் கட்டப்போகிறீர்கள்.

கட்ட முடியுமா என்று கணக்குப் பாருங்கள். குதிரை 25, 30 வயது வரை வாழும். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்கு ஏறக்குறைய 8 கிலோ உலர்ந்த தீனி வேண்டும். திருகோணமலை வெயிலில் 40 லீற்றர் தண்ணீராவது குடிக்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீனி பிழைத்து வயிற்றுவலி கண்டால் ஒரே நாளில் செத்துப்போகலாம். கூட்டத்தில் வாழும் பிராணி அது, அயலில் வேறு குதிரை இல்லாத ஊரில் தனியே கட்டினால் அந்தத் தனிமையே வெருட்சியைக் கூட்டும். துணைக்கு ஓர் ஆடாவது வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் கடல்வழியே குதிரைகளைப் பெருவிலை கொடுத்து வாங்குவதையும், வளர்க்கத் தெரியாமல் ஆண்டு முடிவதற்குள் அவை மடிவதையும் எழுதியிருக்கிறார். விற்ற வணிகர்கள் குதிரை வைத்தியர்களை அந்தப் பக்கம் போகவே விடவில்லையாம். செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும்! குதிரை வாங்கத் தெரிவதும் வைத்திருக்கத் தெரிவதும் வேறு வேறு என்பது நம் கரையோரத்துக்குப் பழைய பாடம்.

ஆக, என் முடிவு இதுதான். நோவினால் வெருளும் குதிரையை, வைத்தியர் தீரும் என்று சொன்னால் வாங்கலாம். பயத்தால் வெருண்டாலும் விரைவில் மீளும் குதிரையை, நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர், பழகிய ஒருவரின் துணையோடு வாங்கலாம். வெருண்டு மீளாத குதிரையை இரக்கப்பட்டு வாங்காதீர்கள். இரக்கம் அதற்குத் தீனி போடும், பயிற்சி கொடுக்காது. அடுத்த மாதமே கடற்கரையில் ஆளேற்றி உழைக்க நினைப்பவருக்கு, வாங்கலாம் என்ற முதல் இரண்டு வகையும்கூடச் சரிவராது. ஊரார் பிள்ளையை அதன் முதுகில் ஏற்றுவது பெரும் பொறுப்பு. உங்கள் பிள்ளைக்கு என்றால் வயது முதிர்ந்த, நூறு பேரைச் சுமந்து சலித்த குதிரையைத் தேடுங்கள், அழகு குறைந்தாலும் பரவாயில்லை.

வாங்குவதென்று துணிந்தால் ஒரு மாதம் வைத்துப் பார்த்து, சரிவராவிட்டால் திருப்பிக் கொடுப்பதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குதிரையை நன்கு அறிந்த விற்பனைக்காரர் இதற்கு ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாதவர் குதிரையைப் பற்றித் தமக்குத் தெரிந்த ஏதோ ஒன்றை மறைக்கிறார். அங்கே விலை பேசாமல் எழும்பி வாருங்கள்.