இரண்டாம் தவணை

(காஞ்சிபுரத்தில் மாணவர் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'பல்கலைக்கழக ஆய்வு நிதியும் அறவியலும்' என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். பாதிப் பேர் டீ குடிக்க எழுந்து போய்விடுவீர்கள் என்று பயந்தேன். உட்கார்ந்திருப்பதற்கு நன்றி.

நான் அறவியல் படித்தவள் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் திட்டங்களுக்கு வரும் பணத்தைக் கணக்குப் பார்க்கும் பிரிவில் பதினோரு வருடம் இருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அங்கே அறவியல் ஆய்வுகளும் நடந்தன. மருத்துவத்தில் அறம், வணிகத்தில் அறம், தொழில்நுட்பத்தில் அறம் என்று திட்டங்கள் வரும். நிதி வரும், வெளிநாட்டுக் கூட்டாளிகள் வருவார்கள், புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும், போட்டோ எடுப்பார்கள். எல்லாம் முடிந்து கோப்பு என் மேசைக்கு வரும். அறம் பேசுகிற திட்டத்தின் பில்லும் மற்றத் திட்டங்களின் பில்லைப் போலத்தான் இருக்கும்.

காஞ்சிபுரத்தில் நின்று பேசுவதால் நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

சேரன்மாதேவி குருகுலம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். வ.வே.சு. ஐயர் நடத்தியது. தேசியக் கல்வி, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பார்கள் என்று சொல்லிப் பொதுமக்களிடம் நன்கொடை வாங்கினார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதலில் 5,000 கொடுத்தது. அப்புறம்தான் அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடுகிறார்கள் என்ற செய்தி வெளியே வந்தது. வரதராஜுலு நாயுடு அதைப் பெரிய பிரச்சினையாக்கினார். அப்போது காங்கிரஸ் கமிட்டியின் செயலாளர் பெரியார். மீதி 5,000 ரூபாயைக் கேட்டபோது அவர் தரவில்லை.

இந்த இடத்தை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். வைக்கம் என்றால் நிற்கிறோம், காஞ்சிபுரம் மாநாடு என்றால் நிற்கிறோம். நடுவில் ஒரு மனிதர் இரண்டாம் தவணையைப் பிடித்து வைத்ததைக் கவனிப்பதில்லை. என் தொழிலில் இருந்தவளுக்கு அது கண்ணில் படாமல் போகாது. நிதி கொடுக்கும் அமைப்பின் பொறுப்பாளர் ஒருவர், 'பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்?' என்று கேட்கிறார். பாடத்திட்டத்தையோ கட்டடத்தையோ அவர் கேட்கவில்லை. பந்தியைக் கேட்டார்.

இதில் இன்னொன்றும் உண்டு. பெரியார் சொன்னபடி, அந்த இரண்டாம் தவணை அவருக்குத் தெரியாமலே இணைச் செயலாளர் வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். ஒரு கோப்பை ஒரு மேசை நிறுத்தினால், அது வேறொரு மேசை வழியாகப் போய்விடும்.

பிறகு நடந்தது தெரியும். 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டியில், தேசிய இயக்கத்தைச் சேர்ந்த அமைப்புகளில் பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு பார்க்கக் கூடாது என்ற எஸ். இராமநாதனின் தீர்மானம் நிறைவேறியது. நிறைவேறியதும் இராஜாஜி உட்படச் சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். அதே ஆண்டு நவம்பரில் இதே ஊரில், திரு.வி.க. தலைமையில் நடந்த மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்கவில்லை. பெரியார் வெளியேறினார். ஒரு தவணைப் பணத்தைப் பற்றிய கேள்வியும் அந்த வெளியேற்றத்துக்குப் பின்னால் இருந்தது.

அன்று அந்தச் சண்டை பார்ப்பனர், பார்ப்பனரல்லாதார் என்று நடந்தது. நம் கேள்வி இன்னும் கீழே இறங்க வேண்டும். அதற்கு என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஊருக்கு ஆய்வாளர்கள் வராத வருடம் கிடையாது. கோயிலைப் பார்க்க ஒரு கூட்டம், பட்டைப் பார்க்க ஒரு கூட்டம். புவிசார் குறியீடு, சாயக் கழிவு, விசைத்தறிப் போட்டி என்று என்னென்னவோ தலைப்புகள். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. காஞ்சிபுரமும் அதில் இருந்தது. கோர்வைக் கரை போட நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அது பல காலம் பிள்ளைகளின் கையாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை தறியில் உட்கார வேண்டும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். முன்பணம் அதோடு ஒழிந்துவிடவில்லை.

எங்கள் பல்கலைக்கழகம் வெளிநாட்டுக் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து இந்தப் பக்கத்தில் ஒரு திட்டம் நடத்தியது. 'அறம் சார்ந்த பட்டு' என்கிற மாதிரி ஒரு தலைப்பு. களப்பணிக்கு மூன்று பெண்களை எடுத்தார்கள். மூவரும் பட்டதாரிகள், மூவரும் சுற்றுக் கிராமங்களின் சேரியிலிருந்து வந்தவர்கள். தறி வீடுகளுக்குள் போய்ப் பேச்சுக் கொடுத்துத் தகவல் வாங்கி வந்தவர்கள் அவர்கள்தான். முதன்மை ஆய்வாளரின் விமான டிக்கெட் பணம் பத்து நாளில் பாஸ் ஆனது. இவர்களுடைய தினக்கூலி நான்கு மாதம் நின்றது. முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போகவில்லை, அதனால் அடுத்த தவணை வரவில்லை, அதனால் கூலி இல்லை. விதி சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விதி அவர்கள் மூன்று பேரின் தலையில் மட்டும் விழுந்தது.

திட்ட நிறைவுக் கருத்தரங்கம் ஒரு ஓட்டலில் நடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. அந்த மூவரின் பெயர் அதில் இல்லை. பங்கேற்பாளர் என்ற தலைப்பில் அவர்கள் வரவில்லை, கூலி என்ற தலைப்பில் இருந்தார்கள். வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் ஒருவர் கண்ணியம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அந்தப் பட்டியலைத் தயாரித்தவள் நான்.

சேரன்மாதேவியில் பந்தி பிரித்தவர்களை நாம் நூறு வருடமாகத் திட்டுகிறோம், திட்டத்தான் வேண்டும். நான் எக்செல்லில் பிரித்தேன். யாரும் என்னைச் சாதி பார்க்கச் சொல்லவில்லை. தலைப்புவாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். அந்த மூன்று பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். என் அம்மாவும் தறியில் கூலிக்கு உட்கார்ந்தவர்தான்.

அதே திட்டத்தில் ஒப்புதல் படிவம் வாங்க ஒரு நாள் நானும் களத்துக்குப் போனேன். வயதான ஒரு அம்மா பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்: "முன்பணம் குடுக்கறப்பவும் இப்படித்தாம்மா ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. அதுல என்ன எழுதியிருந்துதுன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது." சொல்லிவிட்டுப் போட்டுக் கொடுத்தார். ஆராய்ச்சி அறவியலில் நான் கேட்ட சிறந்த விரிவுரை இதுதான். எங்கள் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் மொழிபெயர்ப்பு பின்னிணைப்பில் இருந்தது. பின்னிணைப்பு அலுவலகத்தில் இருந்தது.

கையெழுத்து யாருடையது என்பது சின்ன விஷயமில்லை. 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும் எச்.பி.வி. தடுப்பூசிச் செயல்விளக்கத் திட்டம் நடந்தது. பாத் என்ற அமெரிக்க அமைப்பு நடத்தியது, கேட்ஸ் அறக்கட்டளையின் பணம், நம் ஐ.சி.எம்.ஆர். கூட்டாளி. அந்தத் தடுப்பூசி நல்லதுதான், அதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பழங்குடிப் பிள்ளைகள் நிறைய. விடுதியில் இருந்த பல பிள்ளைகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக வார்டன்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. படிவம் இருந்தது, கையெழுத்து இருந்தது, கோப்பு சுத்தமாக இருந்தது. அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் நானும் பாஸ் செய்திருப்பேன்.

வேறு மாதிரி செய்யவே முடியாதா? முடியும் என்று காட்டியவர்கள் தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள். மரபணு, மூலிகை, மொழி என்று அவர்களைத் தேடி ஆய்வாளர்கள் வந்து குவிந்த காலத்தில், 2017இல் அவர்களே ஒரு ஆய்வு நெறிமுறையை வெளியிட்டார்கள். எங்களிடம் வருகிறவர்கள் இதை ஏற்றுக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அதில் முதல் சொல் மரியாதை. இதைப் பெற்றுத் தந்த டிரஸ்ட் என்ற திட்டத்தை ஒருங்கிணைத்தது இங்கிலாந்தின் சென்ட்ரல் லங்காஷையர் பல்கலைக்கழகம். பணம் ஐரோப்பிய ஒன்றியத்துடையது. அந்தத் திட்டத்தில் தென்னாப்பிரிக்க சான் நிறுவனம் ஆய்வுப்பொருளாக இருக்கவில்லை, கூட்டாளியாக இருந்தது. மறு ஆண்டு அதே திட்டம், வளம் குறைந்த இடங்களில் ஆய்வு செய்வதற்கான உலக நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. ஐரோப்பிய ஆணையம் தன் நிதிக்கு அதை ஆதார ஆவணமாக ஏற்றது.

இங்கே ஒரு நெசவாளர் பெண்கள் சங்கத்தை அப்படிக் கூட்டாளியாக்கலாம் என்று நினைத்தால் குறுக்கே நிற்பது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தம். வெளிநாட்டு நன்கொடையாக வந்த பணத்தை வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றித் தர முடியாது. பெரிய அமைப்பு வாங்கும், சின்னச் சங்கம் தகவல் மட்டும் கொடுக்கும். இதைச் சட்டமே உறுதிசெய்துவிட்டது. உள்நாட்டு நிதிக்கு இந்தத் தடை இல்லை. அதில் ஏன் நடக்கவில்லை என்பதற்குச் சட்டத்தைக் காரணம் சொல்ல முடியாது.

ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல் உயிர்மருத்துவ ஆய்வுக்கானது. நெறிமுறைக் குழுவில் ஏழு முதல் பதினைந்து பேர், பாதிப் பேர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து, தலைவரும் வெளியாள், ஒரு சாமானியரும் இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. எங்கள் குழுவின் சாமானியர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். நல்ல மனிதர்தான். தறிக்குழியில் கால் வைத்ததில்லை.

பணம் தாமதமாவது வெறும் நிர்வாகக் கோளாறு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்தார். கடைசிக் கடிதத்தில், தனக்கு ஏழு மாத உதவித்தொகை, ஒரு லட்சத்து 75 ஆயிரம் ரூபாய், வர வேண்டியிருக்கிறது, அதைத் தன் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். அதிலிருந்து ஒரு நண்பருக்குத் திருப்பித் தர வேண்டிய கடனையும் குறித்திருந்தார். அந்த வரியைப் படித்த அன்று அலுவலகம் போய், என் மேசையில் நின்றிருந்த உதவித்தொகைக் கோப்புகளை எண்ணினேன். எண்ணிக்கையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உங்களில் நாலைந்து பேர் பி.எச்டி. என்று போவீர்கள். இரண்டு பேராவது நான் உட்கார்ந்த நாற்காலியில் உட்காருவீர்கள். அது அதிகாரமுள்ள நாற்காலி என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். பட்ஜெட்டில் களப்பணியாளர் கூலியை முதல் தவணையிலேயே முழுதாக ஒதுக்கி வைக்கலாம். நான் பிறகு செய்தேன், எந்தத் தணிக்கையாளரும் ஆட்சேபிக்கவில்லை. அறிக்கையில் அவர்கள் பெயரை நன்றியுரையில் போடாமல் ஆசிரியர் வரிசையில் போடச் சொல்லி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். அதற்கு ஆட்சேபம் வந்தது, நிறைய வந்தது. இரண்டு திட்டங்களில் தோற்றேன், ஒன்றில் ஜெயித்தேன்.

இப்போது இந்த ஊர்ப் பெண்கள் சிலரோடு சேர்ந்து ஒரு காகிதம் எழுத ஆரம்பித்திருக்கிறோம். எங்கள் தறி வீட்டுக்கு ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் இதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிற மாதிரி ஒரு படிவம். இந்தத் தடவை கையெழுத்து வாங்குவது நாங்கள். சொன்னேனே, அந்த அம்மா, அவர்தான் முதல் விதியைச் சொன்னார்: "படிச்சுக் காட்டிட்டு அப்புறம் பேனாவக் குடு." இரண்டாவது விதி சாப்பாட்டைப் பற்றியது, அது நான் சொன்னது. மூன்றாவதில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. எடுத்த போட்டோவுக்குப் பணம் கேட்பதா வேண்டாமா என்று. ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காருகிறோம். தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். யார் வருகிறீர்கள், கையைத் தூக்குங்கள்.